கடைக் கொப்பி: ஒரு வகுப்பு எதை நினைவில் வைத்திருக்கிறது?

2024 தீபாவளிக்கு அடுத்த கிழமை, ஒரு சனிக்கிழமை காலை, கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பக்கம் நான் படிப்பிக்கும் பாடசாலையின் மேல்மாடி வகுப்பறையில் 29 பேர் கூடினார்கள். தரம் 13 முடிவில் எழுதும் உயர்தரப் பரீட்சைக்கு மூன்று கிழமைகூட இல்லை. படிக்கிற நேரத்தில் இந்தக் கூட்டம் எதற்கு என்று இரண்டு பெற்றோர் என்னிடம் நேராகவே கேட்டார்கள். பரீட்சை முடிந்தால் இவர்களை ஒரே இடத்தில் பிடிக்க முடியாது, அதுதான் காரணம். 2016இல் தரம் 6க்கு வந்தவர்களில் கொழும்பிலும் அயலிலும் இருக்கிற எல்லோரையும் கூப்பிட்டிருந்தோம். எங்களிடமே உயர்தரம் படித்தவர்கள் வந்தார்கள். விஞ்ஞானம் படிக்க வேறு பாடசாலைக்குப் போனவர்கள் வந்தார்கள். படிப்பை நிறுத்தி வேலைக்குப் போனவர்களும் வந்தார்கள்.

ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தேன். கேள்வி ஒன்றுதான்: இந்த வகுப்போடு இருந்த காலத்தில் எந்த நாளை நீங்கள் மறக்க மாட்டீர்கள்? ஒரு நாளைத்தான் எழுதலாம்.

தரம் 7இல் இல்ல விளையாட்டுப் போட்டியன்று அஞ்சலோட்டத்தில் கோலைத் தவறவிட்டு, குனிந்து எடுத்து ஓடியும் முதலாவதாக வந்தார்களே, அதை எழுதுவார்கள் என்று நினைத்தேன். தரம் 8இல் சிகிரியாவுக்குச் சுற்றுலா போய், திரும்பும் வழியில் பஸ் பழுதாகி விடிய இரண்டு மணிக்கு வீடு சேர்ந்ததை எழுதுவார்கள் என்றும் நினைத்தேன். அப்படி எழுதியவர்கள் நாலைந்து பேர். 18 பேர் எழுதியது 2021ஆம் ஆண்டைப் பற்றி. அந்த வருடம் பாடசாலை பெரும்பாலும் பூட்டிக் கிடந்தது. அதிலும் மூன்று மாதத்துக்கு மேல், வகுப்பாசிரியையான நான் அவர்களுக்கு ஒரு பாடம்கூட நடத்தவில்லை.

பூட்டிக் கிடந்த பாடசாலையை இவர்கள் எப்படித் தங்கள் பாடசாலை நாளாக வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தத் தாள்களைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். இங்கே எழுதுவதை அவர்களுக்கு வாசித்துக் காட்டி, சரி என்ற பிறகே எழுதுகிறேன். பெயர் எதுவும் போடவில்லை.

யார் இவர்கள்

2005இல் பிறந்தவர்கள். சுனாமி அடித்து ஓய்ந்த கையோடு பிறந்து, யுத்தம் முடிந்து இரண்டு வருடம் ஆகுமுன் தரம் 1க்குப் போனவர்கள். ஜம்பட்டா வீதி, ஆமர் வீதி, புளூமெண்டால், கிராண்ட்பாஸ், முகத்துவாரம், மட்டக்குளி என்று இவ்வளவுக்குள் அநேகமாக எல்லா வீடும் அடங்கிவிடும். ஓரிருவர் வத்தளையிலிருந்து வந்தார்கள். தகப்பன்மாரில் சிலர் ஹட்டன், தலவாக்கலைப் பக்கமிருந்து புறக்கோட்டைக் கடைகளுக்கு வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். சிலர் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள். மூன்று தலைமுறையாகக் கொச்சிக்கடையை விட்டு நகராத கத்தோலிக்கக் குடும்பங்கள் உண்டு, புதுக்கடைப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களும் உண்டு. தரம் 6இல் 41 பேர் இருந்தார்கள். தரம் 11 இடாப்பில் 36 பெயர்.

எங்களுடையது 1சி வகைப் பாடசாலை. உயர்தரத்துக்குக் கலையும் வர்த்தகமும்தான் உண்டு. உயிரியலோ கணிதமோ படிக்க விரும்புகிறவர், தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையோடு விடைபெற வேண்டும். அதனால் எங்களிடம் ஒரு வகுப்பு என்றால் உண்மையில் அது தரம் 6 தொடக்கம் 11 வரையான ஆறு வருடம். இவர்களுக்கு அதில் கடைசி இரண்டும் கையை விட்டுப் போன வருடங்கள். தரம் 6இலும் பிறகு 9இலிருந்து 11 வரையும் நான் இவர்களுடைய வகுப்பாசிரியை. படிப்பிக்கும் பாடம் தமிழ்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தபோது இவர்கள் தரம் 9. எங்கள் பாடசாலைக்கு நடந்து போகும் தூரம் அது. வகுப்பில் யாரும் உயிரிழக்கவில்லை. ஆனால் சொந்தத்தில், தெருவில் இழந்தவர்கள் இருந்தார்கள். மே 6ஆம் திகதி, தரம் 6 தொடக்கம் 13 வரையான வகுப்புகளுக்குப் பாடசாலை திறந்த அன்று, என் வகுப்புக்கு வந்தவர்கள் 5 பேர். இதைப் பற்றிப் பலர் எழுதுவார்கள் என்று நினைத்தேன். இரண்டே தாள்கள். ஒன்றில் மூன்று வரிதான் இருந்தது. அந்த மூன்றையும் அவனோடே விட்டுவிடுகிறேன்.

மற்றது ஒரு முஸ்லிம் பிள்ளை எழுதியது. அப்போது பெற்றோர் முறை வைத்து வாசலில் நின்று பைகளைச் சோதித்தார்கள். அவள் மூன்று கிழமை கழித்து வந்த காலை, வாசலில் நின்றது அவளுடைய வாங்குத் தோழியின் அம்மா. எல்லாப் பைகளையும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தவர், இவளைக் கண்டதும் "நீங்க போங்க மகள்" என்றாராம். இவள் போகவில்லை. தானே பையைத் திறந்து, கொப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். மற்றவர்களுக்குத் திறந்ததை எனக்கு மட்டும் திறக்காமல் விட்டது எனக்கு இன்னும் பாரமாக இருந்தது என்று எழுதியிருந்தாள். அந்த அம்மா அன்பாகத்தான் விட்டார். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சலுகை எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு ஐந்து வருடம் கழித்து, தாளை வாசிக்கும்போதுதான் தெரிந்தது.

2021: பாடம் எப்படிப் போனது

2020ஐ வேகமாகச் சொல்லிவிடலாம். மார்ச் நடுவில் பூட்டினார்கள், வருட நடுவில் கட்டம் கட்டமாகத் திறந்தார்கள், ஒக்டோபரில் மறுபடி பூட்டினார்கள். அந்த மாதப் பிற்பகுதியில் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், புளூமெண்டால், கிராண்ட்பாஸ் பொலிஸ் பிரிவுகளில் தனிமைப்படுத்தல் ஊரடங்கு வந்தது. பேலியகொடை மீன் சந்தையிலிருந்து தொற்று பரவியது என்றார்கள். எங்கள் பிள்ளைகளின் வீடுகள் அநேகமாக எல்லாமே அந்த எல்லைக்குள். முகத்துவாரத்துத் தொடர்மாடியில் இருந்த ஒரு பிள்ளை, ஒரு மாதத்துக்கு மேல் தான் கண்ட ஒரே வெளியுலகம் எதிர்மாடியின் உடுப்புக் கொடிதான் என்று எழுதியிருக்கிறாள்.

பாடம் வட்ஸ்அப்புக்கு மாறியது. செயலட்டையைப் படம் பிடித்து அனுப்புவோம், குரல் பதிவு போடுவோம், வசதியுள்ளவர்களுக்குச் சூம். 36 பேரில் பகலில் ஒரு ஸ்மார்ட் போன் கையில் கிடைக்கிறவர்கள் பாதிப் பேர்தான். மற்றவர்களுக்கு அப்பா வேலையால் வந்த பிறகு இரவில் கிடைக்கும், அதிலும் மூன்று சகோதரர்களுக்கு ஒரு போன். சிலர் வீட்டில் பட்டன் போன் மட்டும். கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் பாடங்கள் இருந்தன. ரீலோட் போடக் காசில்லாத வீட்டில் அது இருந்தும் இல்லாததுதான்.

2021 ஜூலை 12ஆம் திகதி ஆசிரியர், அதிபர் சங்கங்கள் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கேட்டு இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. நானும் விலகினேன். இருபது வருடத்துக்கு மேலாக இழுபட்ட கோரிக்கை அது. நியாயமான போராட்டம் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஒக்டோபர் கடைசியில் நாங்கள் வேலைக்குத் திரும்பும்வரை வகுப்புக் குழுவில் என்னிடமிருந்து ஒரு செய்தியும் போகவில்லை. டிசம்பரில் சாதாரண தரம் எழுத வேண்டிய பிள்ளைகள். இரவில் போனை எடுத்து அந்தக் குழுவைத் திறந்து பார்ப்பேன். ஒன்றும் எழுதாமல் மூடுவேன்.

பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பதை அந்தச் சனிக்கிழமைதான் முழுதாக அறிந்தேன்.

வகுப்பில் கணிதத்தில் கெட்டிக்காரன் ஒருவன் இருந்தான். வீட்டில் நல்ல இணைய இணைப்பு இருந்தது, சூமில் தனியார் வகுப்பு எடுத்தான். அங்கே படித்ததை மாலையில் நாலு பேருக்குப் போனில் சொல்வான், அந்த நாலு பேர் ஆளுக்கு மூன்று பேருக்குச் சொல்வார்கள். வரலாறு, சமயம், தமிழ் எல்லாம் இப்படிச் சரியாகப் போனது. கணிதத்திலும் தாயங்கள்வரை சமாளித்தார்கள். முதலாம் நிரை, இரண்டாம் நிரை என்று எண்ணைச் சொன்னால் மற்றவர் எழுதிக்கொள்ளலாம். வட்ட நாற்பக்கலுக்கு வந்ததும் நின்றுவிட்டது. உருவத்தைப் போனில் சொல்ல முடியாது. ஏ என்ற புள்ளி எங்கே, தொடலி எந்தப் பக்கம் என்று அரை மணித்தியாலம் கத்தியும் மறுபக்கத்தில் வேறொரு படம் கீறப்பட்டிருக்கும்.

வகுப்பில் இன்னொருத்தியின் தகப்பனுக்கு ஜம்பட்டா வீதியில் பலசரக்குக் கடை. ஓகஸ்ட் 20இலிருந்து ஒக்டோபர் 1வரை நாடு முழுக்கத் தனிமைப்படுத்தல் ஊரடங்கு. கடைக்கு வீடுவீடாகச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்க அனுமதி இருந்தது. வாடிக்கையாளர்கள் போனில் சொன்னால், அரிசி, பருப்பு, சீனி, சவர்க்காரம் எல்லாவற்றையும் பெட்டியில் கட்டி ஒரு திரீவீலில் அனுப்புவார்கள். அந்தத் திரீவீலை ஓட்டியவர் இதே வகுப்பில் ஒரு பையனின் அப்பா. பையனும் கூடப் போய்ப் பெட்டி இறக்குவான்.

கணிதக்காரன் ஒரு சீஆர் கொப்பியில் பாடத்தைப் படத்தோடு எழுதினான். கடைக்காரர் மகள் அதைப் பெட்டிக்குள் அரிசிப் பையின் மேல் வைத்து அனுப்பினாள். வாங்கியவர் ஒரு இரவுக்குள் பார்த்து எழுதிவிட்டு, பக்கத்து வீட்டு, பக்கத்து மாடி வகுப்புப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். அடுத்த நாள் திரீவீல் அந்தப் பக்கம் வரும்போது திரும்பப் போகும். பிறகு விஞ்ஞானத்துக்கும் ஒரு கொப்பி வந்தது. அவர்கள் அதற்கு வைத்த பெயர் கடைக் கொப்பி.

அந்தக் கணிதக் கொப்பியைக் கடைக்காரர் மகள் அன்று கொண்டுவந்திருந்தாள். மேசையில் வைத்ததும் எல்லோரும் எழும்பி வந்துவிட்டார்கள். மட்டையில் ஒட்டிய பெயர்ச்சீட்டில் எழுத்து முழுக்க நீலமாகக் கரைந்து போயிருந்தது. ஒவ்வொரு தடவையும் கடைக்காரர் அதற்குத் தொற்றுநீக்கி அடித்திருக்கிறார். சில வீடுகளில் வாங்கிய கையோடு மொட்டை மாடியில் வெயிலில் வைத்திருக்கிறார்கள், அதனால் தாள் விளிம்பெல்லாம் சுருண்டிருந்தது. 40ஆம் பக்கத்தில் மஞ்சள் கறை. அது தன் வீட்டுப் பருப்புக் கறி என்று ஒருவன் கையை உயர்த்தினான், எல்லோரும் சிரித்தார்கள். வட்டங்கள் எல்லாம் ஒரே அளவு. கடைசி இரண்டு பக்கத்தில் இடாப்பு ஒழுங்கில் 36 பெயரும் எழுதி, பக்கத்தில் திகதி, அதற்குப் பக்கத்தில் "கிடைத்தது" என்று ஒரு கையெழுத்து.

அந்த 18 தாள்களில் பெரும்பாலானவை இந்தக் கொப்பி வந்த இரவைப் பற்றியவை. அம்மா சாமானை எடுத்து வைப்பதற்குள் பெட்டிக்குள் கைவிட்டுக் கொப்பியைத் தேடியது. முன்பு எழுதியவர் ஓரத்தில் பென்சிலால் கிறுக்கிவிட்ட பகிடி. பக்கத்து மாடிக் கம்பிக்கூடாகக் கயிறு கட்டி இறக்கியது. ஒருவன், தான் அதுவரை ஒரு நாளும் பேசியிராத பிள்ளையின் வீட்டு வாசலுக்கு முதல்முறை போனதை எழுதியிருந்தான். மூன்று வருடம் ஒரே வகுப்பில் இருந்தும், அவள் வீடு தன் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி என்று தெரியாதாம்.

இங்கே எனக்கு ஒன்று புரிந்தது. நாங்கள் வகுப்பு என்று நடத்தியது, ஒரு அறைக்குள் வரிசையாக உட்காரவைத்த 36 பேரை. வாங்கில் யாருக்குப் பக்கத்தில் யார் என்று நான் தீர்மானித்தேன். 2021இல் யாருக்குப் பக்கத்தில் யார் என்பதைத் தெருதான் தீர்மானித்தது. வீடு தெரிந்தது, வீட்டின் நிலைமை தெரிந்தது, யார் வீட்டில் மேசை இல்லை என்று தெரிந்தது. அதன் பிறகுதான் தாங்கள் ஒரு வகுப்பு என்று உணர்ந்ததாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரு ஆசிரியையாக இதை ஏற்றுக்கொள்ள எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

பதினெட்டாவது தாள்

கொப்பியைப் பற்றிப் பேச்சு உச்சத்தில் இருக்கும்போது, பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை தன் தாளை வாசிக்கலாமா என்று கேட்டாள். மட்டக்குளிப் பிள்ளை. காலையில் 155 பஸ்ஸில் வருவாள், அதிகம் பேசமாட்டாள், தமிழில் நன்றாக எழுதுவாள். வீட்டில் அந்தக் காலத்தில் பட்டன் போன் மட்டும்.

அவள் எழுதியிருந்ததும் 2021 பற்றித்தான், ஆனால் நவம்பர் 8ஆம் திகதியைப் பற்றி. தரம் 10 தொடக்கம் 13 வரையான வகுப்புகளுக்குப் பாடசாலை திறந்த நாள் அது. வகுப்புக்குள் வந்து உட்கார்ந்தபோது எல்லோரும் கடைக் கொப்பி, கடைக் கொப்பி என்று பேசிக்கொண்டிருந்தார்களாம். அது என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்க வெட்கமாக இருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் விளங்கியது. "இவர்கள் எல்லாருக்கும் ஒன்று நடந்திருக்கிறது, அது எனக்கு நடக்கவில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. அதுதான் நான் மறக்காத நாள்" என்று முடித்தாள்.

போன் அழைப்பு அவளுக்கும் வந்திருக்கிறது. தாயங்கள் எல்லாம் எழுதியிருக்கிறாள். படம் உள்ள பாடம்தான் போகவில்லை. சாதாரண தரத்தில் வட்டம் பற்றிய கேள்வியைத் தொடாமல் விட்டதாகவும் சொன்னாள். கணிதத்தில் எஸ், அதாவது சாதாரண சித்தி.

யாரும் ஒன்றும் பேசவில்லை. கணிதக்காரன் கொப்பியை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, விரல் வைத்து எண்ணினான். 36 பெயரில் 31 கையெழுத்து. வெறுமையாக ஐந்து. ஐந்து பேரும் மட்டக்குளிப் பக்கம். இத்தனை வருடம் அந்தக் கொப்பியைப் பொக்கிஷம் போல வைத்திருந்தவர்கள் யாரும் அந்த ஐந்து வரிகளைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் போனது என்றே சொல்லிச் சொல்லி, அவர்களுக்கு அது அப்படியே ஆகிவிட்டது. எனக்கும்தான். காலையிலிருந்து அதே பக்கத்தை மூன்று தடவை புரட்டியிருந்தேன்.

பின்னால் நான் தாள்களை ஒத்துப் பார்த்தேன். வெறுமையாக இருந்த ஐந்து பேரில் மூன்று பேர் அன்று வந்திருந்தார்கள். இவளைத் தவிர மற்ற இருவரும் எழுதியது சிகிரியாச் சுற்றுலாவைப் பற்றி. அதாவது கொப்பி கிடைத்தவர்களில் பெரும்பாலோருக்கு 2021, கிடைக்காத அந்த இருவருக்கு 2018. திரீவீல் எந்தச் சந்தியில் திரும்பியதோ, அந்தச் சந்தியில்தான் இந்த வகுப்பின் நினைவும் இரண்டாகப் பிரிகிறது.

ஏன் போகவில்லை? அதற்குப் பதில் தெரிந்தவன் அன்று கடைசியாக வந்தவன். திரீவீல்காரரின் மகன். புறக்கோட்டையில் மொத்தக் கடை ஒன்றில் மூட்டை தூக்குகிறான், அரை நாள் லீவு கேட்டு வந்திருந்தான், கையில் இன்னும் சாக்குத் தூசு இருந்தது. "கடைக்கு அந்தப் பக்கம் வாடிக்கை இல்லை மிஸ். முகத்துவாரத்தோட திரும்பிருவம். கொப்பிக்காக மட்டும் மட்டக்குளி போனா பெற்றோல் யார் குடுப்பா? நான் ஒரு நாள் அப்பாகிட்டக் கேட்டன். ஊரடங்கு நேரம் சாமான் இல்லாமப் போனா பொலிஸ் மறிச்சா என்ன சொல்றது எண்டு கேட்டார். விட்டுட்டன்." அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, அந்தப் பிள்ளையைப் பார்க்காமல் சொன்னான்: "எனக்குத் தெரியும், உங்களுக்குப் போகேல்ல எண்டு."

இதில் யாரைக் குறை சொல்வது என்று நான் பல நாள் யோசித்தேன். கடைக்காரர் தன் செலவில் பிள்ளைகளின் கொப்பியைச் சுமந்தவர். திரீவீல்காரர் பயந்தது நியாயமான பயம். பிள்ளைகளுக்குப் பதினாறு வயது. பிழை என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் என்னையே காட்டுவேன். யாருக்கு என்ன போகிறது என்று இடாப்பை வைத்துப் பார்ப்பது என் வேலை. போராட்டத்தில் நின்றுகொண்டே, பாடம் நடத்தாமலே, ஐந்து வீட்டுக்குப் போன் எடுத்து உங்களுக்குக் கிடைக்கிறதா என்று கேட்டிருக்க முடியும்.

கடைக்காரர் மகள் எழும்பிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேனையைக் கொடுத்து, இப்போதாவது உன் பெயருக்கு நேரே கையெழுத்து வை என்றாள். நல்ல மனதோடுதான் கேட்டாள். இவள் பேனையை வாங்கவில்லை.

"கிடைக்காததுக்குக் கிடைச்சது எண்டு எப்படி வைக்கிறது? அது அப்படியே இருக்கட்டும்."

கோபம் இல்லாமல்தான் சொன்னாள். பிறகு கொப்பியைத் தன் பக்கம் இழுத்து, வட்ட நாற்பக்கல் பாடத்தைத் தேடி எடுத்து, ஒரு வட்டத்தின் மேல் விரலால் சுற்றிப் பார்த்தாள். "இவ்வளவு வட்டமும் எதால கீறினது?" என்று கணிதக்காரனிடம் கேட்டாள். பால்மா டின் மூடியால் என்றான் அவன். கவராயம் பாடசாலை மேசைக்குள் பூட்டுப்பட்டுக் கிடந்ததாம். இருவரும் அந்தப் பக்கத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் இப்போது கலைப் பிரிவு, அந்தப் பாடம் அவளுக்கு இனித் தேவையே இல்லை. ஆனாலும் ஒரு கேள்வியை முழுதாகச் செய்து காட்டச் சொல்லிக் கேட்டாள்.

திரீவீல்காரரின் மகன்

அவன் எழுதிய தாள் 2022 மே 24 பற்றியது. தனியாகச் சொல்ல வேண்டிய தாள்.

டிசம்பரில் நடக்க வேண்டிய சாதாரண தரம் 2022 மே 23இல் தொடங்கியது. அதற்கு முந்திய மாதங்கள் எப்படி இருந்தன என்று கொழும்பில் இருந்த யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு, காஸ் வரிசை, மண்ணெண்ணெய் வரிசை. தாளும் மையும் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. பிள்ளைகள் மெழுகுதிரியில் படித்தார்கள். மெழுகுதிரி விலையைப் பார்த்துவிட்டு, படிப்பதை விடியற்காலைக்கு மாற்றியவர்களும் உண்டு.

பரீட்சையின் முதல் நாள் அவன் அப்பா ஆறு பிள்ளைகளை ஒரே திரீவீலில் அடைத்து நிலையத்தில் இறக்கினார். அடுத்த நாள் காலை பெற்றோல் விலை லீற்றர் 420 ரூபாய். விலை கூடியது ஒரு புறம், வரிசையில் நின்றாலும் கிடைக்காது என்பது மறுபுறம். அப்பா வாசலில் நின்று, இன்றைக்கு நடந்து போங்கள் என்று சொன்னாராம். விடிய ஆறு மணிக்கு முகத்துவாரத்திலிருந்து ஆறு பேரும் நடந்தார்கள். வழி முழுக்க ஒருவர் கேள்வி கேட்க மற்றவர்கள் பதில் சொன்னார்கள். அவனுக்கு அதைவிட நல்ல காலை ஒன்று இல்லை என்று எழுதியிருக்கிறான். அன்றைக்குப் பின்னேரம் அப்பா திரீவீலுக்குத் துணி போட்டு மூடினார் என்பது அவனுடைய கடைசி வரி.

பெறுபேறு வந்தது நவம்பர் 25. ஆறு மாதம். காத்திருக்க முடிந்த வீட்டுப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். அவன் ஜூலையிலேயே புறக்கோட்டைக்குப் போய்விட்டான். பெறுபேறு நல்லதாகவே வந்தது, கணிதத்துக்கு பி. நான் இரண்டு தடவை வீட்டுக்குப் போனேன். தம்பி, தங்கை இரண்டு பேர் படிக்கிறார்கள் என்றான். அதற்குமேல் நான் என்ன சொல்ல? கொப்பியைத் தெருத்தெருவாகக் கொண்டுபோனவன் உயர்தர வகுப்புப் படத்தில் இல்லை.

அதற்குப் பிறகு

2024 நவம்பர் 25இல் உயர்தரம் தொடங்கி, மூன்றாம் நாளே மழையால் நின்றது. டிசம்பர் 4இல்தான் மறுபடி தொடங்கினார்கள். களனி ஆற்றோரம் தண்ணீர் ஏறுமோ என்று எல்லோரும் பயந்த அந்த இரவில் வகுப்புக் குழுவில் முதலில் செய்தி போட்டவன் கணிதக்காரன். இப்போது வேறு பாடசாலை அவன். மட்டக்குளிக்காரர் ஐந்து பேரும் எங்கே, அனுமதி அட்டை நனையாமல் இருக்கிறதா என்று கேட்டிருந்தான். நாலு பேர் பதில் போட்டார்கள். ஐந்தாவது பிள்ளைக்கு நான் போன் எடுத்தேன்.

இந்த வருடம் எனக்குத் தரம் 6 வகுப்பு. முதல் கிழமையிலேயே பிள்ளைகளின் வீடுகளை ஒரு பெரிய தாளில் தெருவாரியாகக் குறித்தோம். யார் வீட்டுக்கு யார் நடந்து போகலாம், எந்த வீட்டுக்கு நடந்து போக யாரும் இல்லை என்று பிள்ளைகளே கோடு கீறினார்கள். கோடு சேராத வீடுகள் மூன்று. அந்த மூன்றுக்கும் நேரே என் போன் இலக்கத்தை எழுதியிருக்கிறேன்.

திரீவீல்காரரின் மகன் ஏப்ரலில் ஒரு நாள் கூப்பிட்டான். உயர்தரப் பெறுபேறு வந்த அடுத்த நாள். எல்லோருக்கும் என்ன வந்தது என்று ஒவ்வொருவராகக் கேட்டான். மட்டக்குளிப் பிள்ளைக்கு என்ன என்று தனியாகக் கேட்டான், சொன்னேன், சந்தோஷப்பட்டான். கடைசியில், வெளியிலிருந்து தனிப்பட்ட பரீட்சார்த்தியாக உயர்தரம் எழுத என்ன செய்ய வேண்டும் என்று கேட்டான். எந்தப் பாடங்கள் எடுக்கலாம், எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று விளக்கினேன். முதலாளியிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றான். இன்னும் சொல்லவில்லை. அவன் எடுக்கக்கூடிய மூன்று பாடங்களுக்கும் கொப்பி தருவதற்கு வகுப்பில் ஆள் இருக்கிறது. அதை அவனிடம் போய்ச் சொல்ல, வருகிற ஞாயிற்றுக்கிழமை மட்டக்குளிப் பிள்ளையும் நானும் புறக்கோட்டைக்குப் போகிறோம்.